கூட்டில் இருப்பது கருடன் இல்லை

ரந்தாவ், 6 மே 2024

அன்புள்ள ஃபெலிசியா,

போனில் பேசினால் நமக்குள் சண்டை வரும். அதனால் எழுதுகிறேன்.

புதிதாக எண்ணெய்ச் செம்பனை நட, எங்கள் முனியாண்டி கோயில் மெர்பாவ் மரத்தைத் தோட்ட நிர்வாகம் வெட்டப் போகிறது. உச்சியில் கருடன் கூடு. வெள்ளைத் தலை, வெள்ளை மார்போடு குஞ்சு எட்டிப் பார்க்கிறது. "சாமியே வந்து உக்காந்துட்டாரு, இனி எவன்லா கைவைப்பான்?" என்கிறார் கோயில் தலைவர் சன்னாசி அண்ணன்.

நீ விலங்கியல் படித்தவள். எங்கள் மனுவோடு வைக்க, 'கருடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு.

உன்
மோகனா


மம்பாவ், 13 மே

மோகனா,

நேற்று சர்ச்சில் பூசை முடிந்து நேராக உங்கள் கோயில் மரத்தடிக்குத்தான் வந்தேன். உன்னைப் பார்க்காமல் திரும்பியது தப்புதான்.

அது கருடன் இல்லை. ராஜாளி. வளர்ந்த கருடனைப் போலவே ராஜாளிக் குஞ்சுக்கும் தலையும் மார்பும் வெள்ளை. எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். வாலைப் பார்: குறுக்கே கோடுகள். கருடனுக்குக் கோடில்லாத வால். காலைப் பார்: விரல் வரை இறகு, காற்சட்டை போட்டது போல. கருடனுக்கு வெறும் மஞ்சள் கால்.

ராஜாளி என்றால் எழுதித் தருகிறேன். அதையும் சட்டம் காக்கிறது. கருடன் என்று எழுத மாட்டேன்.

ஃபெலிசியா


ரந்தாவ், 17 மே

ஃபெலிசியா,

ராஜாளிக்காக எவன் வந்து இயந்திரத்தின் முன் நிற்பான்? கருடன் என்றால் தோட்டமே நிற்கும். "அந்தம்மா சர்ச்சுக்குப் போறவங்க, கருடனப் பத்தி என்னா தெரியும்?" என்று அண்ணன் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை.

உன் கையெழுத்து இல்லாமலே மனு போகிறது. மரத்தில் 'கருடன்' என்று பதாகையும் கட்டியாயிற்று.

மோகனா


மம்பாவ், 20 மே

மோகனா,

வாய் திறந்திருக்கலாம். நமக்குள் இருபத்தைந்து வருடப் பழக்கம்.

நிர்வாகம் தொலைநோக்கியோடு ஒரே ஒரு ஆளைக் கூட்டி வரும். அவன் குஞ்சின் காலைப் பார்ப்பான். உங்கள் மனு அதோடு குப்பைக்குப் போகும்; பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் எவனும் கேட்க மாட்டான். எனவே வனவிலங்குத் துறைக்குப் படங்களோடு நானே எழுதிவிட்டேன், என் பெயரில், ராஜாளி என்று. கோபித்துக்கொள்.

வெட்டும் நாளன்று மரத்தடியில் நிற்பேன். நீ கூப்பிட வேண்டாம்.

ஃபெலிசியா


ரந்தாவ், 3 ஜூன்

அன்புள்ள ஃபெலி,

வெட்டும் நாளன்று மரத்தடியில் எங்களோடு நின்றுவிட்டு நீ கிளம்பிய பிறகு நடந்ததைக் கேள். துறை அதிகாரிகளிடம் மானேஜர், "சாதாரணப் பருந்து சார், ஊரெல்லாம் இருக்கு" என்றார். சன்னாசி அண்ணன் பாய்ந்து வந்தார். "சாதாரணமா? காலப் பாருங்க சார், வெரல் வரைக்கும் சிலுவார் போட்டிருக்கு! வாலுல கோடு வேற!" உன் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். அதிகாரி பார்த்தார், தலையாட்டினார், மரத்தைச் சுற்றி நாடா கட்டினார்.

குஞ்சு பறக்கும் வரைதானாம். பிறகு வெட்டுவோம் என்கிறார் மானேஜர். வெட்டிப் பார்க்கட்டும்.

பதாகையை அவிழ்த்துவிட்டோம். புதியதில் என்ன எழுத வேண்டுமோ, நீ சொல். அடியில் உன் பெயரும் வரும், என் பெயருக்குப் பக்கத்தில்.

வாய் திறந்துவிட்ட
மோகனா