தண்ணி டிரம் ஓரத்து சென்சார்

என்னங்க,

நான் மறுபடியும் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்க உங்க தங்கச்சி ஒண்டியா இருக்கா. சோறு வடிச்சி வெச்சிருக்கேன், துன்னுட்டு வாங்க. பீரோ சாவி உங்ககிட்டதான் இருக்குது. மாமாவோட ஆதார் கார்டை எடுத்துகினு வாங்க.

உங்க நைனாவுக்கு எப்படி இப்படி ஆச்சுன்னு போன்ல சொல்ல வாய் வரல. நேத்து மதியம் கிரீன்ஹவுஸ் உள்ள அனலா இருக்குது, பேன் ஓடலன்னு மாமா திருப்பதியில இருந்த உங்களுக்கு போன் பண்ணாரு. "என் போன்ல இருபத்தொன்பது டிகிரிதான் காட்டுது, வேலையப் பாரு நைனா"ன்னீங்க. அவரும் நம்பி, குடைமிளகா செடிங்கள கட்டிகினே இருந்தாரு. நான் போறப்போ மயங்கிக் கெடந்தாரு.

சூடு அளந்து பேனை ஓட்டுற சென்சாரை நீங்க தண்ணி டிரம் ஓரமா மாட்டிட்டீங்க. அங்க எப்பவும் சில்லுனுதான் இருக்கும். பேனை கையால போட ஒரு சுவிச்சு வேணும்னு அப்பவே கேட்டேன். "ஆட்டோமேட்டிக்குக்கு எதுக்குடி"ன்னு சிரிச்சீங்க.

காலையில கண்ணு தொறந்தாரு. "டிகிரி தப்புன்னு ஸ்டான்லிகிட்ட சொல்லாதம்மா, ஆசையா மாட்டினான்"னாரு. அப்புறம் பேச்சு வரல.

நான் சொல்லிட்டேன்.

கிருபா

கிரீன்ஹவுஸ் பிளாஸ்டிக்கை ரெண்டு பக்கமும் அரிவாளால கிழிச்சிட்டேன். செடி போனா போவுது.

இதப் படிச்சிட்டு பயந்துகினு இங்கியே உக்காந்துடாதீங்க. கதவு தொறக்கறப்பல்லாம் நீங்களான்னு பாக்கறாரு.