நனையாத சோப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்தான், உன் வயிறுதான் இந்த வீட்டில் எல்லாருக்கும் வலிக்கிறது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன், அம்மா கதவருகே காவல், அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிடுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பயிற்சி முகாமில் பெட்டியைத் திறந்து சோதிக்கும்போது சோப்பு புதிதுபோல முனை மழுங்காமல் ஈரம் படாமல் இருக்க வேண்டும் என்று ஒருவரும் அதைத் தொடாமல், கக்கூஸ் போய்விட்டு வெறும் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு சாப்பிட ஓடினீர்கள் என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள். "சோப்புக்குக் காவல் நிக்கவா எம்புள்ளைய பட்டாளத்துக்கு அனுப்புனேன்" என்கிறாள். பாதிப் பேருக்கு ரத்தபேதி வந்த பிறகும் உங்களைப் பயிற்றுவிக்கும் அந்த மாமா உன்னை வேலைக்கள்ளன் என்றாராம், இன்னொரு முறை படுத்தால் பட்டாளத்திலிருந்தே பெயரை அடித்துவிடுவாராம். அப்பாவிடம் சொன்னால், "அவன் என் சிநேகிதன், அவனாலதான் இவனுக்கு இடமே கிடைச்சுது, யாரும் மூச்சு விடக் கூடாது" என்கிறார். "மாமாவாம் மாமா, அவன் டீயில கக்கூஸ் தண்ணிய ரெண்டு சொட்டு விடச் சொல்லி எழுதுடி" என்கிறாள் அம்மா. எழுதிவிட்டேன், ஆனால் செய்யாதே அண்ணா. மாட்டினால் உனக்கு ஜெயில், மாட்டாவிட்டால் அவருக்கு வரும் பேதி சுற்றி உங்களுக்கே திரும்பும்.

எனக்கும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் நான் ஒன்று சொல்கிறேன். திரும்பிப் போனதும் எல்லாரும் சோப்புப் போட்டே கை கழுவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், கொதித்து ஆறிய தண்ணீரையே குடியுங்கள். பெரிய அதிகாரியும் டாக்டரும் சோதனைக்கு வரும் நாளில் ஒவ்வொரு பெட்டியிலும் தேய்ந்த ஈரச் சோப்பு இருக்கட்டும். ஒருவன் வைத்தால் தண்டனை, அத்தனை பேரும் வைத்தால் அந்த மாமா யாரைப் பிடிப்பார். கத்தட்டும், டாக்டர் காதில் விழக் கத்தட்டும். எதற்கு இந்தக் கத்தல் என்று டாக்டர் கேட்டால், கை கழுவியதற்கு என்று மாமா வாயாலேயே சொல்லட்டும்.

இதைக் கேட்டபின் அம்மா டீ பேச்சை விட்டுவிட்டாள். "நோய்நொடி இல்லாம நெஞ்ச நிமித்தி அவன் எதிர்ல நில்லு ராசா" என்று உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. படித்ததும் இதைக் கிழித்துவிடு. சோதனை அன்று மாமா முகம் போன போக்கை ஒன்று விடாமல் என் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
அம்மாவும், பயந்துகொண்டே எழுதிய தங்கையும்