‘நலம்’ என்று நான் பொய்யாக எழுதிய படிவத்தை ரத்து செய்யக் கோருவது

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்,
(பக்கவாதத்தில் படுத்திருக்கும் மனைவியின் பராமரிப்பாளர்),
இரண்டாம் மாடி, பின்பக்க வீடு,
லிஃப்ட் இல்லாத கட்டடம்.

பெறுநர்:
பராமரிப்பாளர் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: நிறுத்தப்பட்ட தன்னார்வலர் வருகையை மீண்டும் தொடங்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மனைவிக்கு நான்கு ஆண்டுகளாக வலது பக்கம் அசைவில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். எனக்கு வயது அறுபத்தெட்டு. செவ்வாய், வெள்ளி காலை பத்து மணிக்குத் தாங்கள் அனுப்பிய தன்னார்வலர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அம்மா, வந்து இரண்டு மணி நேரம் மனைவியுடன் இருப்பார். அந்த நேரத்தில் நான் பக்கத்து அறையில் தூங்குவேன்.

2. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்தக் கண்டக்டர் அம்மா மேல் சந்தேகம் இருந்தது. சம்பளம் இல்லாமல் ஒருவர் இரண்டு மாடி ஏறி வருவாரா? ஒரு சின்ன நோட்டில் எதையோ எழுதுவார். நான் வந்தால் மூடிவிடுவார். ஒருநாள் அவர் கை கழுவப் போனபோது திறந்து பார்த்தேன். மாத்திரை நேரங்களுக்குக் கீழே, "ஐயா நாப்பது நிமிஷம் தூங்கினார். இருமல் குறையல" என்று இருந்தது. நோயாளி என் மனைவி. என் தூக்கத்தை எதற்கு அளக்க வேண்டும்?

3. அடுத்த வாரமே தங்கள் படிவம் வந்தது. தூக்கம் வருகிறதா, முதுகு வலிக்கிறதா, அழுகை வருகிறதா என்று பன்னிரண்டு கேள்விகள். எந்த அலுவலகமும் சும்மா கரிசனம் காட்டி நான் பார்த்ததில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் இதே படிவத்தில் ‘முடியவில்லை’ என்று எழுதினார். இரண்டே மாதத்தில் அவர் அம்மா முதியோர் இல்லத்தில். அவராகவே கேட்டுச் சேர்த்ததாகச் சொல்கிறார்கள். நான் விசாரிக்கவில்லை. என்னிடமும் போட்டு வாங்கப் பார்க்கிறீர்கள் என்று முடிவுகட்டி, பதினொன்றுக்கு ‘நலம்’ என்றும், கடைசிக் கேள்விக்கு ‘எவ்வளவு காலமும்’ என்றும் எழுதினேன். மனைவி படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "பொய் எழுதாதீங்க" என்றார். நோய் வந்த பிறகு அவ்வளவு தெளிவாக அவர் பேசியதில்லை. நான் உறையை ஒட்டிவிட்டேன்.

4. பதினைந்து நாளில் கடிதம் வந்தது: பராமரிப்பாளர் நலமாக இருப்பதால், தன்னார்வலர் தேவையுள்ள வேறு வீட்டிற்கு மாற்றப்படுகிறார். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

5. சென்ற வியாழன், மனைவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது. அவர் விழாதபடி தாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. தையல் மெஷின் நின்ற பிறகுதான் கீழ்வீட்டுக்காரருக்கு என் குரல் கேட்டதாம். ஒன்றேகால் மணி நேரம். அதுவரை மனைவி தன் இடது கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

6. ஆகவே விடைகளைத் திருத்துகிறேன். தூக்கம்: இல்லை. முதுகு: வலிக்கிறது. அழுகை: வியாழக்கிழமை வந்தது. கடைசிக் கேள்வி, ‘இன்னும் எவ்வளவு காலம் உங்களால் பார்த்துக்கொள்ள முடியும்?’ எத்தனை பேரைத் தாங்கும் என்று முப்பத்தொரு ஆண்டுகள் லிஃப்டுகளில் பலகை மாட்டியவன் நான். ஒருநாளும் கூட்டி எழுதியதில்லை. கண்டக்டர் அம்மா வந்தால், எவ்வளவு காலமும். வராவிட்டால், தெரியாது.

7. இந்த உண்மையைக் காரணம் காட்டி என் மனைவியை எங்கும் கொண்டுபோக மாட்டோம் என்று தாங்கள் முதலில் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தர வேண்டும். வாய்வார்த்தை போதாது. பிறகு அந்த அம்மாவை அனுப்பிவைக்க வேண்டும். அவர் இப்போது போகும் வீட்டிலிருந்து எல்லாம் ‘நலம்’ என்று படிவம் வந்தால், தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நோட்டையும் அவர் கொண்டுவரலாம். நான் திறக்க மாட்டேன்.

நாள்: செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி
இடம்: மனைவியின் கட்டிலருகே

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
கணவர், பராமரிப்பாளர்

சாட்சி: மனைவி, இடது கைப் பெருவிரல் ரேகை. மனு முழுவதும் படித்துக் காட்டப்பட்டது. இம்முறை அவர் மறுப்பு ஏதும் சொல்லவில்லை.