கொடியில் காயாத துணி

14.3.2003, வெள்ளி

இன்றைக்கும் வீட்டுக்குத் தூரம் என்று சொல்லி, தட்டையும் பாயையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தேன். பொய்தான். எனக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் நின்றபோது பிள்ளை என்று நம்பி மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பிறகு அழுதார். அந்த அழுகையை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

காஞ்சிபுரம் டாக்டரம்மா சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்வது? "கிருமியைக் கொல்ல வேண்டிய வெள்ளணுக்களே உன் சினைப்பையைத் தாக்குதும்மா. அதுங்க விடற நச்சுல முட்டையெல்லாம் கெட்டுப்போச்சு." எனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

சாயங்காலம் மாமியார் சோறு கொண்டுவந்தார். எட்ட நின்று போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவினார்.

"தொடாதீங்க அத்தே, அப்புறம் தலை முழுவணும்" என்றேன்.

"மாசாமாசம் பாத்துக்கினுதான் கீறேன். கொடியில ஒரு துணி காயல. எனக்குத் தெரியாதா இன்னா? உள்ள வந்து படு."

எழுந்து போனார். கிணற்றடிக்குத்தான் போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. அதே கையோடு நேராக உள்ளே போய் வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றினார்.