நீலத்துக்கு ஏற்றிய விளக்கு

அக்கா,

நேற்று ரேஷன் கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுவரில் இருந்த, நீங்கள் வரைந்த வெள்ள வரைபடத்தைக் கழற்றி மூட்டை மேல் சாய்த்து வைத்திருந்தார் பெயிண்டர். வேலை முடிந்ததும் அதை எதிர்ச் சுவரில் மாட்டப் போனார். அங்கேதான் ஆணி உறுதியாக இருந்ததாம். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே சத்தமாகக் கத்தினார்கள்.

"அங்க மாட்டாதீங்க! கடல் முதுகுப் பக்கம் போயிடும்!"

அவர் ஏணியிலிருந்தே திரும்பிப் பார்த்தார். "கடல் எங்கம்மா போவுது?"

கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஜெய்புன்தான் முன்னால் போய் விளக்கினாள். "இந்தச் சுவத்தைப் பாத்து நின்னா கடலைப் பாத்து நிக்கிறோம். படத்துலயும் கடல் மேலதான் இருக்கு. அந்தப் பக்கம் மாட்டுனா எல்லாம் மாறிப் போயிடும். மழை நேரத்துல ஊரே தப்பான பக்கம் ஓடட்டும்னா மாட்டுங்க."

"எனக்கு எதுக்கும்மா அந்தப் பாவம்," என்று பழைய இடத்திலேயே புது ஆணி அடித்தார்.

நான் பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீங்கள் கண்ணை மூடி இந்தப் பங்குனியோடு இரண்டு வருஷம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓர் ஆடி மாதம் எங்கள் மாடியறைக்கு வந்தீர்கள். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த அறை சும்மா கிடந்தது. தஞ்சாவூரிலிருந்து இந்தக் கடைமடைக்கு ஒரு பெண் தனியாக வந்து என்ன வேலை பார்க்கப் போகிறாள் என்று என் வீட்டுக்காரருக்குக்கூடச் சந்தேகம். "ஜனங்க வரைபடத்தை எப்படிப் படிக்கிறாங்கன்னு ஆராய்ச்சி பண்றேன்" என்றீர்கள்.

"படத்தைப் பாக்கத்தானே முடியும், படிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்" என்று சிரித்தீர்கள்.

மறுநாள் வெயிலில் அலைந்துவிட்டு வந்து, மோர் வாங்கிக் குடித்து, கூடத்தில் அந்தப் படத்தை விரித்தீர்கள். எங்கள் ஊர்தான். தலைப்பில் 'நீர் தேங்கும் இடங்கள்' என்றிருந்தது. மாரியம்மன் கோயில் திடலும் எங்கள் தெருவும் பளிச்சென்று கருநீலம். தெற்கே மணல்மேட்டுப் பள்ளிக்கூடம் வைக்கோல் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. "பாத்ததும் புரியுதா?" என்று ஆசையாகக் கேட்டீர்கள்.

"நல்லாப் புரியுதுக்கா" என்றேன்.

எனக்குப் புரிந்தது என்ன தெரியுமா? அப்போது வாய்க்கால் வறண்டு வெடித்திருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வரும். சில வருஷம் வராமலே போகும். அப்படிப்பட்ட ஊர்க்காரிக்கு முன்னால் அவள் தெருவுக்கே நீலம் பூசிக் காட்டினால் அவள் என்ன நினைப்பாள்? இந்த வருஷம் நமக்குத் தண்ணீர் உண்டு என்று பெரிய ஆபீசில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே வாய்க்கால் கரைப் பிள்ளையாருக்கு ஒரு நெய்விளக்கு ஏற்றினேன். பத்து நாளில் புதுத் தண்ணீரும் வந்துவிட்டது. "அக்கா படம் பலிச்சிடுச்சு பாத்தீங்களா" என்று இவரிடம் பெருமை வேறு.

அதன் பிறகு ஆவணி முழுக்க உங்களோடு வீடு வீடாக வந்தேன். நீங்கள் படத்தை விரிப்பீர்கள், கேட்பீர்கள். நான் நோட்டில் குறிப்பேன். எட்டாவதோடு நின்றவளானாலும் கோடு போட்டு நோட்டு எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. ஒரு பக்கம் 'புரிந்தது', மறுபக்கம் 'புரியவில்லை'. புரியவில்லை என்ற பக்கம் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் எழுதும் பால் கணக்கே மாதத்தில் ஒரு நாளாவது உதைக்கும். ஒரு தப்பும் இல்லாத கணக்கை எங்கே பார்த்திருக்கிறேன்?

புரட்டாசி பிறந்ததும் படம் அச்சுக்குப் போகத் தயாரானது. படத்தின் ஓரத்தில் நிறங்களுக்கான விளக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அது ஆபீஸ் தமிழாக இருக்கிறது, நீங்கள் உங்கள் வார்த்தையில் எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கொடுத்தீர்கள். அதுவரை அந்த மூலையை நான் பார்த்ததே இல்லை. வெளிறிய மஞ்சள், தண்ணீர் ஏறாத மேடு என்று எழுதினேன். கருநீலம், மழைக்காலத்தில் இடுப்பளவு வெள்ளம் நிற்கும் இடம் என்று எழுதும்போது கை நின்றுவிட்டது.

காலங்காலமாக வெள்ளத்துக்கு நாங்கள் ஒதுங்குவது கோயில் திடலில்தான். புதிதாகப் போட்ட உயரமான சாலை வடிகாலை மறித்துவிட்டது, இனி அந்தத் திடலே முழுகும் என்று அளந்து பார்த்து, அதைச் சொல்லத்தான் அந்தப் படத்தையே வரைந்திருந்தீர்கள். படம் மட்டும் பார்த்து ஜனங்களுக்கு அது தெரிகிறதா என்று சோதிப்பதால் வாயால் சொல்லாமல் இருந்தீர்கள். நானோ அந்த ஆபத்துக்கு நெய்விளக்கு ஏற்றியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அச்சகம். அன்றைக்குத் திங்கள். இரண்டு நாள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டேன். சொன்னால் உங்கள் இத்தனை நாள் உழைப்பும் வீண். நான் பொய் சொன்னவள் என்றும் ஆகும். சொல்லாவிட்டால் ஐப்பசி மழையில் எங்கள் தெருச் செல்லம்மா மாடுகளை ஓட்டிக்கொண்டு நேராகத் திடலுக்குத்தான் போவாள். புதன்கிழமை பூஜையில் உட்கார்ந்தால் ஸ்லோகம் பாதியில் மறந்துபோனது. எழுந்து நேராக மாடிக்கு வந்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"வாடகை ஏத்தப் போறீங்களா?"

"எனக்கு அந்தப் படம் புரியலைக்கா."

பேனாவை மூடி வைத்தீர்கள். "முதல் ஆளா நீங்கதானே புரியுதுன்னு சொன்னீங்க?"

"வெயில்ல அலைஞ்சு வந்து ஆசையா விரிச்சீங்க. புரியலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? வீட்டுக்கு வந்தவங்க பலகாரம் கொண்டாந்தா, உப்பு இல்லைன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"அப்ப மத்தவங்க?"

"அவங்களும் என்னை மாதிரிதான் இருக்கணும். நீங்க பேனாவும் கையுமா மூஞ்சியையே பாக்குறீங்க. தலையாட்டாம என்ன பண்றது?"

நீங்கள் மேஜை மேலிருந்த நோட்டைப் பிரித்து, வெள்ளையாகக் கிடந்த அந்தப் பக்கத்தைத் தடவினீர்கள். அழுதுவிடுவீர்களோ என்று பயந்தேன். "புரியுதான்னு கேக்காம வேற எப்படிக் கேக்கலாம்?" என்று கேட்டீர்கள். என்னிடம்!

"எங்க போவீங்கன்னு கேளுங்க. விரலை வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் காலையில் செல்லம்மாவையும் ஜெய்புனையும் எங்கள் கூடத்தில் உட்கார வைத்தோம். "விடாம மழை அடிக்குது, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. இந்தப் படத்தைப் பாத்து எங்க போவீங்க?"

செல்லம்மா யோசிக்கவே இல்லை. விரல் கருநீலத்தில், கோயில் திடலில் போய் நின்றது. "இங்கதான். எப்பவும் போற எடம். படத்துலயும் இதைத்தானே பளிச்சுன்னு காட்டியிருக்கு. அந்தப் பள்ளிக்கூடம் பாரு, சோளத்தட்டை மாதிரி காஞ்சு கெடக்கு. அங்க போயி மாட்டுக்கு என்ன காட்டுறது?"

"அடியே, அதுல என் கடை எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலை" என்றாள் ஜெய்புன். படத்தை எடுத்து இப்படியும் அப்படியுமாகத் திருப்பினாள். கடல் கடலிருக்கும் பக்கம் வந்த பிறகுதான் நிறுத்தினாள். "ம்... இப்ப தெரியுது. அன்னிக்கு நீங்க கேட்டப்ப சும்மா தலையாட்டுனேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

கருநீலம் வெள்ளத்தைக் குறிக்கிறது என்று நீங்கள் சொன்னதும் செல்லம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வெள்ளம் எப்பம்மா நீலமா வந்துச்சு? டீத்தண்ணி நிறத்துல, சேறும் சகதியுமால்ல வரும்!"

நீங்கள் எழுந்து மாடிக்குப் போய் ஆபீசுக்குப் போன் செய்தது கீழே எங்களுக்குக் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள் போலிருக்கிறது. "இல்ல சார், ஜனங்க மேல தப்பு இல்ல. தப்பு படத்து மேல. என் மேலன்னே எழுதிக்குங்க. அச்சடிக்க வேண்டாம்." அப்படி உங்கள் பெயரையே கொடுத்துவிட்டு இறங்கி வந்து, "காப்பி கிடைக்குமா?" என்றீர்கள். ஜெய்புன் என்னைப் பார்த்தாள். எனக்கு உங்கள் மேல் மரியாதை வந்தது அந்த நிமிஷத்தில்தான். அதற்கு முன்னால் இருந்தது விருந்தாளிக்கான உபசாரம்.

அதற்கப்புறம் எங்கள் கூடம் பட்ட பாடு! வெள்ளத்துக்குச் செல்லம்மா சொன்ன கலங்கல் நிறம். பள்ளிக்கூடத்துக்கும் அதற்குப் போகும் வழிக்கும் நல்ல மங்கல மஞ்சள். மூலையில் இருந்த பொடி எழுத்தை எடுத்துவிட்டு, அந்தந்த இடத்திலேயே ஒரு பெண்ணை வரைந்தீர்கள். கணுக்கால் வரை, முழங்கால் வரை, இடுப்பு வரை. கோபுரம், பள்ளிவாசல் மினார், தண்ணீர்த் தொட்டி எல்லாம் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொரு தடவையும் விரலை வைக்கச் சொன்னீர்கள். என் நோட்டில் 'புரியவில்லை' பக்கம் நிறைய ஆரம்பித்தது. ஒவ்வொரு கோடு விழும்போதும் உங்கள் முகம் தெளிந்தது. தப்புகள் கூடக் கூடச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன்.

படத்தை ரேஷன் கடையில் மாட்டிவிட்டு ஐப்பசியில் ஊருக்குப் போனீர்கள். கார்த்திகையில் வந்தது மழை. மத்தியானத்துக்குள் வடிகால் நிரம்பி, தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் ஏறியது. செல்லம்மாவின் மாடுகள் பழக்கத்தில் திடல் பக்கம் திரும்பின. அவள் கழியைக் குறுக்கே நீட்டி மறித்து, "அங்க இல்லடி, அந்தப் பொம்பளை இடுப்பளவுல நிக்கிறா!" என்று மாட்டிடம் கத்தியதை என் காதால் கேட்டேன். எல்லாரும் தெற்கே போனோம். திடல் முழுகியது. பீடம் வரை ஏறிவிட்டது. அம்மன் தவிர அங்கே யாரும் இல்லை.

உங்கள் போன் வந்தது. "எங்க இருக்கீங்க?" என்றீர்கள்.

"மஞ்சள்ல இருக்கோம்க்கா. எல்லாரும். மாடுங்களும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. ஜெய்புன் போனைப் பிடுங்கி, "இங்க பிரியாணிக்கு அரிசி இருக்கு, நீங்கதான் இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனை ஊருக்கு எத்தனை படம் வரைந்தீர்களோ, எனக்குத் தெரியாது. எனக்கு நீங்கள் விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. டாக்டரிடம் சொல்கிறேன். பேங்கில் சொல்கிறேன். போன மாதம் ஒரு பிரதோஷத்தன்று, வருஷக்கணக்காக ஓதுவாரோடு சேர்ந்து கண்மூடிப் பாடிவந்த பதிகத்தில் ஒரு வரியைக் காட்டி, "ஐயா, இதுக்கு என்ன அர்த்தம்? எனக்குப் புரியலைங்க" என்று கேட்டுவிட்டேன்.

அவர் அந்த வரியையே பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்கும் தெரியாதும்மா" என்றார் மெதுவாக. "சின்ன வயசுல மனப்பாடம் பண்ணது. யாரும் கேக்கலை. கேட்டுச் சொல்றேன்."

நான்கு நாள் கழித்துத் தன் குருநாதரிடம் கேட்டுக்கொண்டு, வீடு தேடி வந்து சொன்னார். மறு பிரதோஷத்தில் அந்த இடம் வந்தபோது இரண்டு பேருமே கொஞ்சம் மெதுவாகப் பாடினோம். பாடி முடித்து அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த வரிக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது, அக்கா. நாளைக்குக் கேட்க வேண்டும்.