அவஸ்தை பூச வந்தவர்கள்

03.06.2025, செவ்வாய்

மிஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. கடையில் வாங்குகிற ஒரு றாத்தல் பாண் அளவுதான். அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் நுனியில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க். போட்டுக் காட்டினேன். மகள் ஜெனுஷா "ஆனை" என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். இரண்டரை வயது. அவள் சொன்னதில் பிழையில்லை.

நித்திரையில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். மணித்தியாலத்துக்கு முப்பத்தொரு தரம். நான், பட்டதாரி, இவ்வளவு காலமும் வெறும் குறட்டை என்றிருந்தேன். இது காற்றை அடித்துக்கொண்டே இருந்தால் மூச்சு நிற்காது. இரவு நித்திரை சரிவந்தால் பகலில் தூங்கி விழமாட்டேன்.

கிளினிக்கின் இரவல் மிஷின். உள்ளே இருக்கிற கார்ட் எல்லாவற்றையும் பதிகிறது. இரண்டு கிழமைக்குள் ஓர் இரவுக்கு நாலு மணித்தியாலம் போடப் பழகாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

போகக் கூடாது. போன மாதம் கதிரையில் இருந்தபடியே தூங்கிவிட்டேன். படலை திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு ஸஹ்றாதான் ஜெனுஷாவை றோட்டிலிருந்து தூக்கிவந்து என்னை எழுப்பினா. அதற்குமேல் எழுதமாட்டேன்.

அன்றைக்கே என் கணவர் மில்ரனின் அம்மா பேசாலையிலிருந்து வந்துவிட்டா. மாமி ஒரு சொல் ஏசவில்லை. ஆனால் உடுப்புத் தோய்க்கப் போனாலும் பிள்ளையை இடுப்பில் கொண்டுபோகிறா. ஏசியிருக்கலாம்.

04.06.2025

மாஸ்க் போட்டுக் கிடந்தது ஒன்பது நிமிடம்.

06.06.2025, வெள்ளி

நேற்றும் முடியவில்லை. மாட்டியவுடனே யாரோ தலையணையால் முகத்தை அமத்துவது போல. மூச்சு விடுவதற்கான சாமானுக்குள் மூச்சு முட்டுகிறது — இதை யாரிடம் போய்ச் சொல்ல? பிய்த்து எறிந்தேன். மிஷின் பாவம், விடாமல் சுவருக்குக் காற்றடித்தது.

மில்ரன் கடலுக்குப் போனால் விடியத்தான் வருவார். மாஸ்கோடு படுத்துப் பிள்ளை அழுவது கேட்காவிட்டால்? மாமி இருக்கிறா. ஓம். மாமி எப்போதும் இருக்கிறா.

கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். பகலில் முழித்திருக்கும்போது, ஏதாவது வேலை செய்துகொண்டு போட்டுப் பழகச் சொன்னா. நித்திரையை நினைக்கவே வேண்டாமாம்.

08.06.2025, ஞாயிறு

மாமி பூசைக்குப் போய் நெடுநேரம் கழித்து வந்தா. கண் சிவந்திருந்தது. கேட்டால், தூசி.

10.06.2025, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மில்ரன் ஒட்டி மீன் கொண்டுவந்தார். மிஷினைக் குசினியில் செருகி, மாஸ்கை மாட்டி, மீன் வெட்ட உட்கார்ந்தேன். மீன் வெடுக்கு நாற்றம்கூடத் தெரியவில்லை. ஏழாவதோ எட்டாவதோ மீனில் வாசலில் செபம் கேட்டது. பங்குத் தந்தை. பின்னால் மெழுகுதிரியோடு இரண்டு மாதர் சங்கத்து அன்ரிமார். ஒருவர் அழத் தொடங்கியே விட்டா.

"நோயாளி எந்த அறையில, பிள்ளை?"

"நான்தான் பாதர்." மாஸ்குக்குள் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பாதர் குழாயைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"கத்தியைக் கீழ வை மகள். விட்டா எனக்குத்தான் அவஸ்தை பூச வேண்டிவரும் போல கிடக்கு."

அவஸ்தை பூசுதல் — சாகக்கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது. அந்த எண்ணெயைத்தான் எனக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து மாமி மடத்துச் சிஸ்டரிடம் சொன்னது இவ்வளவுதான்: மருமகளுக்கு மூச்சு நிண்டு நிண்டு வருது, மிஷினில போட்டிருக்கு. ஒரு சொல்லும் பொய்யில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மாஸ்க் ஓரத்தால் காற்றுக் கசிந்து பர்ர்ர் என்கிறது. ஜெனுஷா திருப்பிப் பர்ர்ர் என்றாள். அழுத அன்ரி மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி மில்ரனை ஏவினேன். மாஸ்குக்குள்ளிருந்துதான். அவர்கள் போனபிறகே பார்த்தேன்: ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும்.

மாமி பின்பக்கம் நின்றா. சிரிக்கவில்லை.

"மாமி, உங்களுக்கு என்னை நம்பேலாது எண்டு தெரியும்," என்றேன். இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்தது.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய் பிள்ளை? நீ செத்துப்போவாய் எண்டெல்லோ நான் பயந்தனான். கொஞ்சம் கண்ணயரட்டும் எண்டுதான் இவளைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனான்."

நான் என்ன பட்டதாரி?

11.06.2025

இரண்டு மணி நாற்பது நிமிடம். மாட்டும்போது கத்தியும் பாதரும் ஞாபகம் வந்து பர்ர்ர் என்றது.

14.06.2025, சனி

நாலு மணித்தியாலம் பன்னிரண்டு நிமிடம். மில்ரன் கடலால் வந்து, செத்த பிணம் மாதிரிக் கிடந்தாய் என்று சந்தோசமாகச் சொன்னார். இந்த வீட்டில் இப்போது அது பாராட்டு.

17.06.2025, செவ்வாய்

கிளினிக்கில் மிஸ் கார்ட்டைக் கணினியில் போட்டுப் பார்த்தா. கடைசி நாலு இரவும் நாலுக்கு மேல். மிஷினைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டா.

21.06.2025, சனி

காலை பஸ்ஸில் மாமி பேசாலைக்குப் போய்விட்டா. கவனம், அது இது என்று ஒன்றும் சொல்லவில்லை. மில்ரன் வலையில் கிழிசல் பொத்தப் போனார். நானும் ஜெனுஷாவும் மட்டும்.

மத்தியானம் அவள் நித்திரையானாள். பக்கத்தில் கதிரையில் இருந்தேன். கண் சொருகவில்லை. உடுப்பு மடித்தேன். அலுமாரியை ஒதுக்கினேன். மணி இரண்டுதான்.

மாமிக்குப் போன் எடுத்தேன். என்ன பிள்ளை, ஏதும் அவசரமோ என்று கேட்டா.

"ஒண்டுமில்லை மாமி. இவள் நித்திரை. எனக்குப் பொழுது போகேல்லை."