ஜன்னலை அடைத்த அலமாரி

மேடவாக்கம்
18.8.2008

அன்புள்ள துர்கா,

நலம். போன் செய்தால் உன் அண்ணன் சிட்டிபாபுதான் எடுக்கிறார். என்னிடம் வாங்கிப்போன சரித்திரப் புத்தகத்தை இத்தனை வருடமாகத் திருப்பித் தராத மனிதரோடு எனக்கென்ன பேச்சு? அதனால் கடிதம்.

நீ கோபித்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போய் இரண்டு மாதமாகிறது. இங்கே உன் பிள்ளை பரணி எங்கிருந்தோ என் புத்தகங்களையெல்லாம் சிடியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறான். "மொத்த ஷெல்ஃபும் இதுல அடங்கிடும்பா. எதுக்கு இவ்ளோ தூசி?" என்கிறான். பள்ளியில் எனக்கு வரவேண்டிய பதவியை என் ஜூனியருக்குக் கொடுத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

படித்தும் பார்த்தேன். நேற்று எங்கே விட்டேன் என்று புத்தகத்தில் என் கட்டைவிரலுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அதைத் தேடி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. காகிதத்தை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீயும் அவன் பக்கம்தானே?

மாணிக்கவேல்

கூடுவாஞ்சேரி
25.8.2008

அன்புள்ள பரணி அப்பாவுக்கு,

நான் யார் பக்கமும் இல்லை. எனக்கும் கையில் பிடித்துப் படித்தால்தான் படித்த மாதிரி இருக்கும்.

படுக்கையறையின் ஒரே ஜன்னலை அடைத்து அலமாரியை நிறுத்தினீர்கள். மின்வெட்டில் விசிறியும் நின்றுவிட்டால் எனக்கு அங்கே மூச்சு முட்டுகிறது. எத்தனை முறை சொன்னேன்! ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை புத்தகத்தில் படியும் என்றீர்கள். அலமாரியைக் கூடத்துக்கு நகர்த்துங்கள். இடம் போதாவிட்டால் சோபாவை யாருக்காவது கொடுத்துவிடலாம். ஜன்னல் திறந்த அன்றே வருகிறேன்.

பிரஷர் மாத்திரையை மறக்க வேண்டாம்.

உங்கள் துர்கா

மேடவாக்கம்
8.9.2008

துர்கா,

உன் ஆசை நிறைவேறியது. பழைய பேப்பர் கடைக்காரரை வரவழைத்தேன். "இன்னா சார், மொத்தமும் எட்த்துனு போவட்டா? அப்பால வந்து பேஜார் பண்ணக் கூடாது" என்றார். எடுத்துப்போகச் சொன்னேன். கல்லூரி நாளிலிருந்து சேர்த்தவை மூட்டை மூட்டையாகப் படியிறங்கின. நின்று பார்த்தேன். உனக்காக.

பிறகு காலி அலமாரியை நகர்த்திவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் சுவர். பக்கத்து மனையில் கட்டும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவு ஒட்டி எழுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. வேறு வழியில்லாமல் பரணியின் சிடியைப் போட்டுப் படிக்கிறேன். கண் எரிகிறது. அதுவும் உனக்காகத்தான்.

எப்போது வருகிறாய்?

மாணிக்கவேல்

கூடுவாஞ்சேரி
15.9.2008

பரணி அப்பாவுக்கு,

நகர்த்தத்தான் சொன்னேன். நீங்கள் எடைக்குப் போட்டுவிட்டீர்கள். நான் பாதி படித்து வைத்திருந்த நாவலும் அந்த மூட்டையில்தான் போயிருக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உங்களுக்கு.

சுவர் இருந்துவிட்டுப் போகட்டும். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வேன். ஆனால் இனி உங்கள் கண் எரியும்போதெல்லாம் என் பெயர் வரும். ரசத்தில் உப்பு குறைந்தால், உனக்காகப் புத்தகத்தையெல்லாம் தூக்கிக் கொடுத்தேனே என்பீர்கள். பரணிக்குப் பெண் பார்க்கப் போகிற வீட்டிலும் சொல்வீர்கள். சாகும்வரை சொல்வீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே இருக்க முடியாது.

என் புடவைகளைப் பரணியிடம் கொடுத்தனுப்புங்கள்.

துர்கா